ஆயுள் கூடிய ஊரில் அம்மாக்கள் தனியே

கேரளத்தில் பிறக்கும் குழந்தையின் சராசரி ஆயுள் 75 வயது. சத்தீஸ்கரில் 65.1. 2016–20 மாதிரிப் பதிவுக் கணக்கு இது. தமிழ்நாடு 73.2 என்று கேரளத்துக்கு அருகில் நிற்கிறது.

கேரளத்துக்கும் சத்தீஸ்கருக்கும் இடையிலான இந்தப் பத்து வருஷ வித்தியாசத்தின் ஒரு பகுதி பிரசவ அறையிலும் தொட்டிலிலும் தீர்மானமாகிறது. 2018–20ல் உயிரோடு பிறந்த லட்சம் குழந்தைகளுக்குக் கேரளத்தில் 19 தாய்மார்கள் இறந்தார்கள், அசாமில் 195. அங்கே தேயிலைத் தோட்டங்களில் ரத்தசோகையோடு கொழுந்து பறிக்கும் கர்ப்பிணிகள் ஏராளம். வருமானம் உயர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களும் உண்டு. தனிநபர் வருமானத்தில் கேரளத்தை முந்தும் ஹரியானாவில், 2020ல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 28 ஒரு வயதைத் தாண்டவில்லை. கேரளத்தில் அது 6. பெண் படித்திருப்பதும், கூப்பிடு தூரத்தில் நர்ஸ் இருப்பதும்தான் உயிரைக் காக்கின்றன.

வடக்கே சாவைத் தள்ளிப்போட வேண்டும். அதில் இரண்டு கருத்தில்லை. ஆனால், தள்ளிப்போட்டு ஜெயித்த தெற்கில் நடப்பதை யாரும் பேசுவதில்லை. கேரளத்தில் ஆண்களின் ஆயுள் 71.9, பெண்களுக்கு 78. கணவர் நாலைந்து வயது மூத்தவர் என்பதையும் சேர்த்தால், ஏறக்குறைய பத்து வருஷம் அந்தப் பெண் துணையில்லாமல் வாழ வேண்டும். பிள்ளைகள் வளைகுடாவிலோ பெங்களூரிலோ இருப்பார்கள்.

நம்மூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகர், பிரஷர் மாத்திரை கொடுக்கும் நாளில் போய்ப் பாருங்கள். வரிசையில் பாதிக்கு மேல் பாட்டிகள். மஞ்சள் பைக்குள் பழைய மாத்திரை அட்டை, ஓரம் நைந்த நோட்டு. எது காலை மாத்திரை, எது ராத்திரி என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுக்கொள்கிறார்கள். வீட்டில் கேட்க ஆள் இருந்தால் இங்கே ஏன் கேட்கப் போகிறார்கள்?

2031ல் தமிழ்நாட்டில் 18.2 சதவீதம் பேர் அறுபதைக் கடந்திருப்பார்கள் என்கிறது மக்கள்தொகைக் கணிப்பு. தேசிய முதியோர் ஓய்வூதியத்தில் 80 வயதுக்குக் கீழுள்ளவருக்கு மத்தியப் பங்கு இன்னும் மாதம் 200 ரூபாய்தான். மாநிலம் கூடுதலாகப் போட்டாலும் வாடகைக்கும் மருந்துக்கும் காணாது. தடுப்பூசிக்கு வீடு வீடாக ஆள் அனுப்பத் தெரிந்த நமக்கு, தனியே இருக்கும் முதியவர்களின் பட்டியல் எடுத்து வாரம் ஒருமுறை கதவைத் தட்டவும் முடியும். வார்டுக்கு வார்டு அந்தப் பட்டியலை இந்த வருஷமே தொடங்க வேண்டும். உங்கள் தெருவின் பட்டியலுக்கு முதல் பெயரை நீங்கள் கொடுங்கள்.