மூக்கறுப்புப் போரைச் சொன்ன கடிதம்

அமெரிக்காவின் பாஸ்டன் காலேஜில் கணக்கியல் படிக்கச் சேர்ந்தாலும் வரலாற்றுத் தாள்களை எழுதாமல் பட்டம் வாங்க முடியாது. நியூயார்க்கின் ஃபோர்டாம் பல்கலைக்கழகத்திலும் வரலாறு எல்லோருக்கும் கட்டாயம். இரண்டும் சேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் மரபில் வந்தவை. வேலைக்கு உதவாததை எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்கும் பெற்றோர் எங்கும் உண்டு. அங்கே வாங்கும் கட்டணத்தைப் பார்த்தால் அந்தக் கேள்வியில் நியாயமும் இருக்கிறது. ஆனாலும் நான் வரலாற்றின் பக்கம்தான்.

இத்தனைக்கும் 1599-ல் சபை வகுத்த பாடத்திட்டத்தில் வரலாற்றுக்குத் தனி வகுப்பே கிடையாது. சீசரையும் லிவியையும் லத்தீன் பாடத்தோடு படித்ததோடு சரி. வரலாற்றுக்கு அவர்கள் செய்த பெரிய உபகாரம் வேறு. எந்த நாட்டுக்குப் போனாலும் ரோமுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்பது சபையின் கட்டளை. சபையை நிறுவிய இஞ்ஞாசியார் பெயரில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. இன்று வரலாற்று மாணவர்களுக்கு அந்தக் கடிதங்கள் ஒரு சுரங்கம்.

நமக்கும் அதில் பங்கு உண்டு. 1659-ல் திருச்சியிலிருந்து அந்தோனி புரோயென்சா என்ற பாதிரியார் ரோமிலிருந்த சபைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினார். திருமலை நாயக்கரின் கடைசிக் காலத்தில் மைசூர்ப் படை நடத்திய மூக்கறுப்பை அதில் விவரிக்கிறார். ஆண், பெண், குழந்தை என்று பாராமல், மூக்கோடு மேலுதட்டையும் சேர்த்து அறுத்தார்களாம். அறுத்த மூக்குகள் மூட்டை மூட்டையாக மைசூர் அரசருக்குப் போயினவாம்.

இதை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு தேர்வில் ஒப்பித்தால் அது வரலாற்றுப் படிப்பு ஆகாது. கண்ணால் கண்டாரா, காதால் கேட்டாரா? படிக்கப்போகும் ஐரோப்பியர்கள் மனம் இரங்கட்டும் என்று கொஞ்சம் கூட்டி எழுதினாரா? மைசூர்ப் படையை விரட்டிய பெருமையை இராமநாதபுரம் சேதுபதிக்குத் தருகிறதே நம்மூர் வழக்கு, அதைப் பற்றிக் கடிதம் என்ன சொல்கிறது? இப்படித் துருவித் துருவிக் கேட்கிற பழக்கம் கணக்கு எழுதப் போகிறவனுக்கும் வேண்டும். மதம் பரப்ப வந்தவர் எழுதியதை நம்பலாமா என்பார்கள் சிலர். நம்ப வேண்டியதில்லை, விசாரிக்க வேண்டும்.

விசாரிக்க ஆள் இருக்கிறதா என்பதுதான் என் கவலை. புரோயென்சா எழுதியது போன்ற, சேசு சபையின் மதுரை மிஷன் கடிதங்கள் பெரும்பாலும் போர்த்துகீசியத்திலும் லத்தீனிலும் எழுதப்பட்டவை. 19-ம் நூற்றாண்டில் பெர்த்ராண்ட் பாதிரியார் அவற்றில் பலவற்றைப் பிரெஞ்சில் வெளியிட்டார். 1924-ல் வந்த சத்தியநாத ஐயரின் மதுரை நாயக்கர் வரலாறு, அந்தப் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றிப் பின்னிணைப்பாகத் தந்தது. அந்த ஆங்கிலத்தைப் பார்த்துத்தான் இன்றும் தமிழில் எழுதுகிறோம். நம் ஊரில் நடந்த போரை மூன்று கை மாறித் தெரிந்துகொள்கிறோம்! மூலத்தைப் பிரித்துப் பார்த்து, அந்தப் பழைய கையெழுத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூடிய தமிழ் மாணவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். லத்தீன் ஒரு காலத்தில் சேசு சபைக் கல்வியின் முதுகெலும்பு. இன்று அமெரிக்காவில் உள்ள அந்தக் கல்லூரிகளிலேயே விரும்பியவர்கள் மட்டும் படிக்கும் பாடமாக அது சுருங்கிவிட்டது. மொழி போனால் ஆவணம் வெறும் காகிதம்.

கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் மதுரை மிஷனின் ஆவணக் காப்பகம் இருக்கிறது. 1844-ல் நாகப்பட்டினத்தில் சேசு சபையார் தொடங்கிய தூய வளனார் கல்லூரி இன்றும் திருச்சியில் நடக்கிறது. ஆவணமும் இருக்கிறது, கல்லூரியும் இருக்கிறது. உங்கள் வீட்டில் வரலாறு படிக்க ஆசைப்படும் பிள்ளை இருந்தால் தடுக்காதீர்கள். கூடவே போர்த்துகீசியமோ லத்தீனோ ஒன்றைக் கற்கச் சொல்லுங்கள்.