சொந்தப் பாட்டைப் பாட மறுத்த பாடகர்

தாமே எழுதி, தாமே மெட்டமைத்து, தாமே பாடிய பாட்டுக்கள். உலகமெங்கும் ரசிகர்கள் அவற்றை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். ஆனால் பாடகர் மட்டும் கச்சேரி மேடையில் அவற்றைப் பாட மாட்டேன் என்றார். ஓராண்டு, ஈராண்டு அல்ல. ஏறக்குறைய 15 ஆண்டுகள்!

அவர்தான் ஜான் போகர்ட்டி. அமெரிக்காவின் "கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல்" என்ற ராக் இசைக் குழுவின் பாடகர், கிதார் கலைஞர், பாடலாசிரியர் எல்லாம் அவரே. குழு கலைந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் அதற்கு ரசிகர்கள் குறையவில்லை.

பள்ளித் தோழர்கள்

கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள எல் செரிட்டோ என்ற சிற்றூரில், 1959-ம் ஆண்டு மூன்று பள்ளி மாணவர்கள் சேர்ந்து வாசிக்கத் தொடங்கினார்கள். ஜான் போகர்ட்டி, ஸ்டூ குக், டக் கிளிபோர்டு ஆகியோர் அந்த மூவர். ஜானின் அண்ணன் டாமும் பிறகு சேர்ந்துகொண்டார். பத்தாண்டுக் காலம் பெயர் தெரியாமல் வாசித்த இந்த நால்வரும், 1969-ம் ஆண்டில் மட்டும் மூன்று இசைத்தட்டுத் தொகுப்புகளை வெளியிட்டுப் புகழின் உச்சிக்குப் போனார்கள்.

ஐந்து தடவை அவர்களுடைய பாட்டுக்கள் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் இரண்டாவது இடத்தைப் பிடித்தன. முதல் இடம் ஒரு தடவைகூடக் கிட்டவில்லை! ரசிகர்கள் இன்றும் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளும் விஷயம் இது.

வெற்றிக்குக் காரணம் என்ன? பக்கத்து நகரமான சான்பிரான்சிஸ்கோவின் குழுக்கள் ஒரே பாட்டை அரை மணி நேரம் இழுத்து வாசித்துக்கொண்டிருந்த காலம் அது. இவர்களோ பழைய கிராமியப் பாட்டு, கறுப்பின மக்களின் "புளூஸ்" ஆகியவற்றின் வேரைப் பிடித்துக்கொண்டு, இரண்டு மூன்று நிமிடங்களில் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தார்கள். ஜான் தினந்தோறும் பயிற்சிக்கு இழுத்ததால், பயிற்சி நடந்த இடத்துக்கு "பாக்டரி" என்றே பெயர் வந்துவிட்டது. 1970-ல் வந்த "காஸ்மோஸ் பாக்டரி" என்ற தொகுப்பின் பெயர் அதிலிருந்து வந்ததுதான்.

சிப்பாய்களின் பாட்டு

வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த நேரம். கட்டாய ராணுவ சேவைக்கு ஜானுக்கும் அழைப்பு வந்தது. அவர் ரிசர்வ் படையில் பணியாற்றினார். 1968-ல் ராணுவத்திலிருந்து விடுவிப்புக் கடிதம் கைக்கு வந்த மகிழ்ச்சியில் எழுதியதுதான் "பிரவுட் மேரி" என்ற புகழ் பெற்ற படகுப் பாட்டு.

மறு ஆண்டு "பார்ச்சுனேட் சன்" வந்தது. பெரிய இடத்துப் பிள்ளைகள் போருக்குப் போகாமல் தப்பிக்கொள்ள, ஏழை வீட்டுப் பிள்ளைகள் சாகப் போகிறார்களே என்று குமுறிய பாட்டு அது. போர்முனையில் இருந்த சிப்பாய்கள் அதைத் தங்கள் பாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு கையெழுத்து

புகழ் வந்த வேகத்தில் பூசலும் வந்தது. எல்லாவற்றையும் ஜானே முடிவு செய்கிறார் என்று மற்றவர்களுக்கு மனக்குறை. 1971-ல் அண்ணன் டாம் விலகினார். 1972-ல் குழுவே கலைந்தது.

அதைவிடப் பெரிய இடி வேறு. இளம் வயதில் போட்ட ஒப்பந்தத்தின்படி, பாட்டுக்களின் உரிமை "பேண்டஸி" இசைத்தட்டுக் கம்பெனியிடம் இருந்தது. அதன் தலைவர் சால் ஸான்ட்ஸ். அந்த ஒப்பந்தத்திலிருந்து விடுபடுவதற்காக, பழைய இசைத்தட்டுக்களில் பாடியதற்கான ராயல்ட்டியையே ஜான் விட்டுக்கொடுத்தார். "நான் பாடப் பாட லாபம் அவர்களுக்கா?" என்ற கசப்பில்தான் பழைய பாட்டுக்களைப் பாடுவதை நிறுத்தினார்.

1985-ல் "சென்டர்பீல்டு" என்ற தொகுப்பு மூலம் அவர் மீண்டும் முதலிடத்துக்கு வந்தார். உடனே வழக்கும் வந்தது! அதில் உள்ள ஒரு பாட்டு, "ரன் த்ரூ தி ஜங்கிள்" என்ற 1970-ம் ஆண்டுப் பாட்டின் காப்பி என்றது பேண்டஸி கம்பெனி. அந்தப் பழைய பாட்டையும் எழுதியவர் ஜான்தான். தன்னைப் பார்த்துத் தானே காப்பி அடித்ததாக ஒரு வழக்கு!

1988-ல் சான்பிரான்சிஸ்கோ கோர்ட்டில் ஜான் கிதாருடன் சாட்சிக் கூண்டில் ஏறி, தாம் பாட்டு அமைக்கும் விதத்தை ஜூரிகளுக்கு வாசித்துக் காட்டினார். ஜூரிகள் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். வக்கீல் செலவைப் பற்றிய வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. செலவுத்தொகை வழங்குவதில், வழக்குப் போட்டு வென்றவரையும் எதிர்வாதாடி வென்றவரையும் ஒரே அளவுகோலால் பார்க்க வேண்டும் என்று 1994-ல் தீர்ப்பாயிற்று. இது மற்ற கலைஞர்களுக்கும் பயன்படும் தீர்ப்பு.

மௌனம் கலைந்தது

1987 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு கிளப்பில் பாப் டிலனும் ஜார்ஜ் ஹாரிசனும் ஜானுடன் மேடையேறினார்கள். "பிரவுட் மேரி"யை நீங்கள் பாடாவிட்டால், அது டினா டர்னரின் பாட்டு என்றே உலகம் நினைத்துவிடும் என்று டிலன் சொன்னாராம். ஜான் பாடினார். அதே ஆண்டு ஜூலை 4-ந்தேதி, வாஷிங்டன் அருகே வியட்நாம் போர் வீரர்களுக்காக நடந்த கச்சேரியிலும் பழைய பாட்டுக்களைப் பாடினார். அந்தப் பாட்டுக்களைக் கேட்க அவர்களைவிட உரிமை உள்ள ரசிகர்கள் யார்?

ஆனால் எல்லாக் காயமும் ஆறவில்லை. அண்ணனும் தம்பியும் மனம் ஒன்றாமலே, 1990-ல் டாம் காலமானார். 1993-ல் "ராக் அண்டு ரோல்" புகழ் மண்டபத்தில் குழுவுக்கு இடம் கிடைத்தபோதும், குக், கிளிபோர்டு ஆகியோருடன் சேர்ந்து வாசிக்க ஜான் இசையவில்லை. குழு என்றால் ஜான்தான் என்பார் ஒரு சாரார். பின்னால் நின்று தாளம் தவறாமல் தாங்கிய இருவர் இல்லாமல் அந்த ஓசை ஏது என்பார் இன்னொரு சாரார். இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

2004-ல் பேண்டஸி கம்பெனி கைமாறியது. புதிய முதலாளிகளான "கான்கார்டு" நிறுவனத்தார் ஜானுக்கு ராயல்ட்டியைத் திரும்ப வழங்கினார்கள். 2023 ஜனவரியில், 77-வது வயதில், தம் பாட்டுக்களின் வெளியீட்டு உரிமையில் பெரும்பகுதியை அவர் விலை கொடுத்து வாங்கினார். 2025-ல் அந்தப் பழைய பாட்டுக்களை மகன்களுடன் சேர்ந்து புதிதாகப் பாடியும் வெளியிட்டார்.

இளமையில் ஒரு நிமிடத்தில் போட்ட கையெழுத்தை மீட்க அரை நூற்றாண்டு பிடித்தது. சம்பளப் பத்திரத்திலோ ஒப்பந்தத் தாளிலோ கையெழுத்துப் போடும் எவரும் நினைவில் வைக்க வேண்டிய கதை இது.