அரைமணி நேரமும் ஒரு விநாடியும்

மாம்புரிக் கடற்கரையில் தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கினால் அங்கு நிற்கும் காற்றாலைகளின் இறக்கைகளுக்கு ஓய்வில்லை. அவற்றுள் முதற்றொகுதி 2010ஆம் ஆண்டில் மின்சாரம் தரத் தொடங்கிற்று. அயலிலுள்ள நுரைச்சோலையில் நிலக்கரியால் இயங்கும் மின்நிலையம் மறு ஆண்டு தொழிற்பட ஆரம்பித்து, பின்னர் 900 மெகாவாட் வலுவுள்ளதாக வளர்ந்தது. புத்தளக் களப்புக்கும் பெருங்கடலுக்கும் நடுவே கிடக்கும் இந்நிலத்துண்டிலே 1996இல் இவை எவையும் இல்லை. அவ்வாண்டில் இலங்கை பெரும்பாலும் நீர்மின்சாரத்தையே நம்பியிருந்தது. மழை பொய்த்தது, நீர்த்தேக்கங்கள் வற்றின, மின்வெட்டு வந்தது. விளக்கெரியும் நேரத்தைக் குறைப்பதற்கு அரசாங்கம் கண்ட வழி, நாட்டின் மணிக்கூட்டையே நகர்த்திவிடுவதாகும்.

1996 மே 25ஆந் தேதி பிறந்த நள்ளிரவில், கிறீனிச் நேரத்துக்கு ஐந்தரை மணி முந்தியிருந்த இலங்கை நேரம் ஆறரை மணி முந்தியதாக்கப்பட்டது. அன்று பன்னிரண்டு மணிக்கும் ஒரு மணிக்கும் இடைப்பட்ட நேரம் இந்நாட்டில் நிகழவேயில்லை! ஒக்டோபர் 26இல் அரைமணி திரும்பக் குறைக்கப்பட்டு ஆறு மணியாயிற்று. பத்தாண்டு அவ்வாறே சென்றது. இருட்டில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புகிறோமே என்று பெற்றோர் பலர் குறைகூறினர். 2006 சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, ஏப்ரல் 15ஆந் தேதி பன்னிரண்டரை மணியானபோது முட்கள் மீண்டும் பன்னிரண்டுக்குத் தள்ளப்பட்டன. பழைய ஐந்தரை மணி திரும்பி வந்தது.

இதற்கிடையில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதி 1996ஆம் ஆண்டு மாற்றத்தை ஏற்கவேயில்லை. இந்தியாவைப் போன்று ஐந்தரை மணியிலேயே நின்றது. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின் ஓமந்தையைத் தாண்டி வன்னிக்குள் நுழைந்தவர்கள் கைக்கடிகாரத்தை அரைமணி பின்னே திருப்பவேண்டியிருந்தது. ஒரே தீவில் இரண்டு நேரங்கள்!

இது பழங்கதைதானே என்று வாசகர் கேட்கலாம். அன்று. 1996க்கும் 2006க்கும் இடையிற் பிறந்த பிள்ளைகள் இன்று கலியாண வயதினர். அவர்களுடைய சாதகங்களை இந்நாளிற் பெரும்பாலும் கணினியே கணிக்கிறது. இலக்கினம் ஓர் இராசியைக் கடக்க ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். நவாம்சம் ஒன்று பதின்மூன்று நிமிடமும் சொச்சமுமே. எனவே அரைமணி பிசகினால் நவாம்ச இலக்கினம் இரண்டு படி தள்ளிப்போகும். சோதிடத்தில் நம்பிக்கை உண்டா இல்லையா என்பது வேறு விசாரணை. நம்புவோருக்குக் கணக்காவது சரியாயிருக்க வேண்டாமா? 1996 ஜூன் 1ஆந் தேதி, சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு மாம்புரியில் ஒரு குழந்தை பிறந்ததென்று வைத்துக்கொள்வோம். அன்றைய மணிக்கூட்டில் சூரியன் உதித்தது ஏறத்தாழ 6 மணி 50 நிமிடத்துக்கு. ஆகவே உதயம் முதல் உதயம்வரை எண்ணும் நம் முறைப்படி அக்குழந்தை வெள்ளிக்கிழமைப் பிள்ளை. இன்றைய ஐந்தரை மணி விதியை வைத்துக் கணித்தாலோ சனிக்கிழமைப் பிள்ளையாகிவிடும். இலக்கினமும் அரை இராசி விலகும்.

கணினி இச்சிக்கலை எவ்வாறு கையாளுகிறது? யூனிக்ஸ் வழிவந்த பணிசெயல் முறைமைகளுக்குள்ளே மணிக்கூட்டு முகம் கிடையாது. 1970 சனவரி முதலாந் தேதி, உலகப் பொதுநேரப்படி நள்ளிரவிலிருந்து இதுவரை எத்தனை விநாடி கழிந்தது என்ற ஓர் எண்ணிக்கையே உண்டு. கொழும்பில் முட்களை எவ்வளவு திருப்பினாலும் அவ்வெண் அசைவதில்லை. அதனை உள்ளூர் நேரமாக மாற்றிக்காட்ட வேறொரு அட்டவணை இருக்கிறது. அமெரிக்கரான ஆதர் டேவிட் ஒல்சன் தொடக்கி வைக்க, உலகெங்குமுள்ள தொண்டர்கள் செய்தித்தாள்களையும் அரசாங்க அறிவித்தல்களையும் துருவித் திருத்திவரும் அட்டவணை அது. நாம் மேலே சொன்ன மூன்று மாற்றங்களும் ‘ஆசியா – கொழும்பு’ என்ற தலைப்பில் நாளும் நிமிடமும் தவறாமல் அதிற் பதிந்துள்ளன. 2006இல் அந்த அட்டவணையில் ஒரு வரி சேர்ந்தது. அதனை நாடும் நிரல்களில் ஓர் எழுத்தும் மாறவில்லை. எண்ணிக்கையும் வாசிப்பும் தனித்தனியே நின்றமையாலேயே இது கைகூடிற்று.

எல்லாரும் இவ்வளவு நேர்த்தியாக அமைத்துவிடவில்லை. அக்காலத்து விண்டோஸ் எக்ஸ்பி ஒரு வலயத்துக்கு ஒரே விதியைத்தான் வைத்திருந்தது. புதிய விதியைப் புகுத்தியதும், 2005இல் காலை பத்து மணிக்கு எழுதிய கடிதம் ஒன்பதரைக்கு எழுதியதாகத் தோன்றிற்று. ஆண்டுக்காண்டு வெவ்வேறு விதி வைக்கும் வசதி அடுத்து வந்த விஸ்டாவிலேயே கிடைத்தது. படக்கருவிகளின் நினைவட்டைகளிற் பயன்படும் ‘ஃபேட்’ முறை இன்னும் மோசம். அது மணிக்கூட்டு முகத்தை அப்படியே எழுதி வைக்கும். எந்த நாட்டு மணிக்கூடு என்று ஒரு சொல்லும் எழுதாது.

மணிக்கூட்டு முகம் மாறும் சிக்கல் இவ்வளவே. எண்ணிக்கையே நிரம்பி வழியும் சிக்கல் ஒன்று இனி வரவிருக்கிறது. அது இதனினும் பெரிது.

விநாடிகளை எண்ணப் பழைய கணினிகள் 32 துண்மிகள் கொண்ட ஒரு பெட்டியை ஒதுக்கின. அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 2,147,483,647. தைப்பொங்கல் கழிந்து சில நாளில், 2038 சனவரி 19ஆந் தேதி செவ்வாய்க்கிழமை, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு அந்தப் பெட்டி நிரம்பிவிடும். அடுத்த விநாடியில் எண்ணிக்கை எதிர்மறையாகப் புரண்டு 1901ஆம் ஆண்டு திசம்பருக்குப் போய்விடும். இதிலொரு வேடிக்கை: 1901இல் இலங்கை நேரம் ஐந்தரை மணி அன்று, 5 மணி 19 நிமிடம் 32 விநாடியே முந்தியது. நல்ல அட்டவணை வைத்திருக்கும் கணினி அதையும் மறவாமல், திசம்பர் 14 அதிகாலை 2 மணி 5 நிமிடம் 24 விநாடி என்று மிகத் துல்லியமாகத் தவறு சொல்லும்.

பெட்டியைப் பெரிதாக்கினால் என்ன என்று மாணவர்கள் கேட்பார்கள். 64 துண்மிகள் வைத்தால் பல்லாயிரங்கோடி ஆண்டுகளுக்குக் கவலையில்லை. புதிய கணினிகள் அவ்வாறே செய்கின்றன. தடை வேறிடத்தில் இருக்கிறது. நேரத்தைக் கேட்டு வாங்க நிரல்களுக்கென்று முறைமை ஒரு வாசல் வைத்திருக்கிறது. அதனை இடைமுகம் என்பர். முன்னரே எழுதி முடித்த நிரல்கள், வாசலில் நான்கு பைற்று அளவுள்ள பாத்திரத்தை ஏந்தி நிற்கின்றன. முறைமை எட்டு அளவு ஊற்றினால் மிகுதி வழிந்து பக்கத்துப் பாத்திரத்திலிருப்பதைக் கெடுக்கும். அந்நிரல்களை எழுதியவர்கள் பலர் இன்று எங்கிருக்கிறார்களோ, மூலப்பிரதியும் கிடையாது.

ஆகவே வழிகள் பிரிந்தன. நெட்-பிஎஸ்டி என்னும் முறைமை 2012இல் எண்ணைப் பெரிதாக்கிக்கொண்டு, பழைய நிரல்களுக்கெனப் பழைய வாசலையும் விட்டு வைத்தது. ஓப்பன்-பிஎஸ்டி 2014இல் ஒரே வெட்டாக வெட்டிற்று; எல்லா நிரல்களையும் புதிதாகத் தொகுத்துக்கொள்ளுங்கள் என்றது. மூலப்பிரதி அனைத்தும் ஒரே கூரையின்கீழ் இருப்போருக்கு அது இயலும். லினக்ஸ் அவ்வாறு செய்யவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் நிரலை முறைமை முறிக்கலாகாது என்பது அதன் பழைய விரதம். 2019இல் வந்த 5.1ஆம் பதிப்பில் பழைய வாசல்களுக்கு அருகே 64 துண்மி வாசல்கள் புதிதாகத் திறக்கப்பட்டன. 2020 மார்ச்சில் வந்த 5.6ஆம் பதிப்பில் அவ்வேலை ஒருவாறு நிறைவெய்திற்று. 2021இல் ஜிஎன்யு சி நூலகமும், விரும்பும் நிரல் புதிய அளவைத் தெரிந்தெடுக்க இடமளித்தது.

எஞ்சியது நூலகங்கள். ஒரு நிரல் பெரிய எண்ணையும் அது நாடும் நூலகம் சிறிய எண்ணையும் கொண்டிருந்தால் இரண்டும் ஒத்துப்போகா. டெபியன் குழுவினர் 32 துண்மிக் கணினிகளுக்கான நூலகங்களை மீளத் தொகுத்து, பழையதும் புதியதும் கலந்துவிடாதபடி பொதிகளுக்குப் பெயரே மாற்றி, 2025 ஓகஸ்டில் 13ஆம் பதிப்பை வெளியிட்டனர். ஆனால் இன்ரலின் பழைய 32 துண்மி வகையை மட்டும் வேண்டுமென்றே தொடாமல் விட்டனர். இந்நாளில் அவ்வகையைப் பெரும்பாலோர் வைத்திருப்பதே பழைய நிரல்களை ஓட்டத்தான். அவற்றை முறித்துவிட்டுப் புதுமை செய்து யாது பயன்? நமக்கு இது நல்ல தீர்மானமாகவே தோன்றுகிறது. எனினும் அவ்வாறு விட்டுவைத்தவற்றுக்கு 2038இல் தவணை முடிகிறது என்பதையும் மறைப்பதற்கில்லை. மின்மானிகள், காற்றாலைகள் போன்றவற்றினுள்ளே புதைந்திருக்கும் சிறு கணினிகளே கூடுதற் கவனத்துக்குரியவை. இன்று பூட்டும் கருவி பதினைந்து ஆண்டு உழைத்தால் அந்த விநாடியைத் தாண்டும். வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது.

சாதகத்துக்கு மீள்வோம். நாம் புகழ்ந்த அட்டவணையில் வன்னிக்குத் தனி வரி கிடையாது. கிளிநொச்சியில் 2000ஆம் ஆண்டு பிறந்த மணமகனுக்கும் மாம்புரியில் அதே ஆண்டு பிறந்த மணமகளுக்கும் பொருத்தம் பார்க்கும் நிரல், இருவருக்கும் கொழும்பு விதியையே இடும். மணமகன் பிறந்த நேரத்தைக் குறித்தவர்கள் பார்த்தது எந்த மணிக்கூடு என்று பெரியவர்களைக் கேட்டறிவதே முதல் வேலை. அது ஐந்தரை மணி மணிக்கூடாயின், இடத்தைக் கிளிநொச்சியாகவே வைத்துக்கொண்டு, நேர வலயத்தை மட்டும் ‘ஆசியா – கொல்கத்தா’ என்று தெரிந்தெடுத்தால் கணக்குச் சரியாகும். குறிப்பேட்டில் நேரத்தின் பக்கத்தில் ‘ஐந்தரை’ என்றோ ‘ஆறு’ என்றோ எழுதி வைப்பதும் நன்று.

2006 ஏப்ரல் 15ஆந் தேதி பன்னிரண்டு மணி பத்து நிமிடத்துக்குப் பிறந்த பிள்ளையின் பாடுதான் சங்கடம். அந்தப் பத்து நிமிடம் அன்றிரவு இருமுறை வந்தது. பைதன் என்னும் கணினிமொழி இத்தகைய நேரங்களுக்காக 2016இல் தன் நேரக் குறிப்பில் ஒரு சிறு அடையாளத்தைச் சேர்த்தது: முதல்முறை வந்ததாயின் பூச்சியம், இரண்டாம்முறையாயின் ஒன்று. ஒன்றும் குறிப்பிடாவிட்டால் பூச்சியமென்றே அது கொள்ளும். ஆகையால் முன்பு எழுதிய நிரல்களுக்கு இடையூறு நேரவில்லை. பிள்ளை பிறந்தது மணிக்கூட்டைத் திருப்பும் முன்னரா பின்னரா என்பதை மட்டும் தாயாரைத்தான் கேட்கவேண்டும்.