குளியலறையும் கிடங்குப் பாணியும்



இப்போது வீடு கட்டும் நம் பிள்ளைகள் 'இண்டஸ்ட்ரியல் ஸ்டைல்' குளியலறை வேண்டும் என்கிறார்கள். பூசாத செங்கல் சுவர், சிமெண்டுத் தரை, சுவருக்கு வெளியே ஓடும் குழாய்கள், கறுப்பு டேப்புகள், கம்பிக் கூண்டுக்குள் ஒரு விளக்கு. படத்தைப் பார்த்தால், "நம் கிடங்கு மாதிரி அல்லவா இருக்கிறது, இதற்கா இவ்வளவு செலவு?" என்று நமக்குத் தோன்றும். தோன்றுவது சரிதான். இது கிடங்கிலிருந்து வந்த பாணியே. இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதும் உண்டு, விட்டுவிட வேண்டியதும் உண்டு. வீட்டைவிடக் கடைக்கும் கிடங்குக்கும் இது அதிகம் பயன்படும் என்பது என் கருத்து.

எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவில் நியூயார்க் நகரில் சோஹோ என்றொரு பகுதி இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே துணி மொத்த வியாபாரிகளின் கிடங்குகளும் சிறு தொழிற்கூடங்களும் நிறைந்திருந்தன. தொழில்கள் வேறிடம் போனபின் காலியாகக் கிடந்த மாடிகளில் 1960-களில் ஓவியர்களும் சிற்பிகளும் குறைந்த வாடகைக்குக் குடியேறினார்கள். சட்டப்படி அங்கே குடியிருக்க இடமில்லை. 1971-ல்தான் கலைஞர்கள் குடியிருக்க நகர நிர்வாகம் அனுமதித்தது. அவர்கள் செங்கல்லையும் குழாயையும் இருந்தபடியே விட்டு வாழ்ந்தார்கள். பின்னாளில் வசதியுள்ளவர்கள் அந்தத் தோற்றத்தை விரும்பிக் காசு கொடுத்துச் செய்துகொள்ள, அது ஒரு பாணியாகிவிட்டது.

இந்தக் குளியலறைகளில் ஒட்டும் 6 அங்குலத்துக்கு 3 அங்குல வெள்ளை டைல்ஸுக்கும் ஒரு கதை உண்டு. 1904-ல் திறக்கப்பட்ட நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களின் சுவர்களில் பதித்தது அது. வெள்ளை என்பதால் வெளிச்சம் கூடும், அழுக்கு உடனே கண்ணில் படும், துடைப்பதும் எளிது. ஆக, இந்தப் பாணியில் இருப்பதெல்லாம் முதலில் தேவைக்காக வந்தவை. அழகு என்ற பெயர் பிறகுதான் வந்தது.

மறைத்த குழாயால் வந்த நஷ்டம்

எங்கள் கிடங்கை ஒட்டி ஒரு குளியலறை கட்டினோம். பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று குழாய்களையெல்லாம் சுவரைக் காடி வெட்டி உள்ளே புதைத்து, மேலே டைல்ஸ் ஒட்டினோம். ஒரு மழைக்காலத்தில் அந்தச் சுவரோரம் அடுக்கியிருந்த சர்க்கரை மூட்டைகளில் அடிவரிசை இளகியது. மழை ஓதம் என்று நினைத்து ஓட்டைச் சரிபார்த்தோம். மழை நின்ற பிறகும் பக்கத்திலிருந்த துவரம் பருப்பு மூட்டைகள் பூஞ்சணம் பூத்தன. கடைசியில் டைல்ஸை உடைத்துப் பார்த்தால், உள்ளே ஒரு குழாய் முழங்கை சொட்டிக்கொண்டிருந்தது. முழங்கையின் விலை சொற்பம். போன சரக்கின் விலையையும், உடைத்த டைல்ஸுக்கு மாற்று கிடைக்காமல் சுவர் முழுவதையும் புதிதாக ஒட்டிய செலவையும் இன்றும் மறக்கவில்லை.

குழாய் வெளியே ஓடியிருந்தால் முதல் சொட்டிலேயே தெரிந்திருக்கும். இந்தப் பாணியில் நமக்கு வேண்டிய பாடம் இதுவே: கண்ணுக்குத் தெரிவது கைக்கு எட்டும், கைக்கு எட்டுவது பழுது பார்க்க முடியும்.

செய்யும் முறை

1. குழாய்: ஜி.ஐ. குழாய்தான் இந்தப் பாணிக்கு அசல் என்பார்கள். உப்புத் தண்ணீர் வரும் ஊரில் அது உள்ளுக்குள் துருப்பிடித்து அடைத்துக்கொள்ளும். சி.பி.வி.சி. குழாய் போட்டு, அதன்மேல் தண்ணீரில் கரையும் பெயிண்டை வேண்டிய நிறத்தில் அடித்தால் போதும். சுவரைத் தொடாமல் கிளாம்ப் வைத்து நேர்கோட்டில் கொண்டுபோக வேண்டும். குளியலறைக்குள் நுழையும் இடத்தில் ஒரு வால்வு கட்டாயம் இருக்கட்டும். அதை மூடினால் கடை முழுவதும் தண்ணீரை நிறுத்தாமல் வேலை பார்க்கலாம்.

2. தரை: எந்தப் பூச்சு வந்தாலும் அதன் அடியில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு முதலில் வர வேண்டும். தரை முழுவதும், சுவரில் ஓரடி உயரமும், குளிக்கும் பக்கம் ஆறடி உயரமும் பூசி, காய்ந்தபின் வடிகால் வாயை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, ஒரு நாளாவது விட்டுப் பாருங்கள். கீழேயும் பக்கத்துச் சுவரிலும் ஈரம் காணாவிட்டால்தான் அடுத்த வேலை. பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் என்ற கணக்கில் வடிகாலை நோக்கி வாட்டம் வேண்டும்.

3. வடிகால்: நஹானி டிராப்பில் இரண்டு அங்குலம் தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தையும் கரப்பானையும் தடுக்கும் கதவு. மளிகைச் சரக்கு இருக்கும் இடத்தில் இதில் சிக்கனம் கூடாது.

4. மின்சாரம்: வெளியே ஓடும் மின்குழாய் பி.வி.சி.யாக இருக்கட்டும். அழகுக்காக இரும்புக் குழாய் போட்டால் அதை எர்த் செய்தே ஆக வேண்டும். சுவிட்சுகள் கதவுக்கு வெளியே. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றைப் போட்டுவிடுங்கள். ஈரக் கையோடு நிற்கும் மனிதனுக்கு மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தை நொடியில் துண்டிப்பது அதுதான்.

5. காற்று: உயரத்தில் ஒரு ஜன்னலோ, வெளியே தள்ளும் விசிறியோ வேண்டும். அந்தக் காற்று கிடங்குக்குள் போகாமல் வெளிப்புறம் போக வேண்டும்.

விட்டுவிட வேண்டியவை

பூசாத செங்கல் தண்ணீரைக் குடிக்கும். நாளடைவில் உப்புப் பூத்து உதிரும். ஆசையிருந்தால் தண்ணீர் படாத சுவரில் வைத்துக்கொள்ளலாம். கறுப்பு டேப்பில் உப்புத் தண்ணீரின் வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரியும். தினமும் துடைக்க ஆள் இல்லாவிட்டால் வெள்ளி நிறமே மேல். படத்தில் காணும் வழவழப்பான சிமெண்டுத் தரையை இப்போது 'மைக்ரோ சிமெண்ட்' என்று செய்கிறார்கள். சாதாரண டைல்ஸைவிட அதற்குக் காசு கூடுதல், தேர்ந்த ஆளும் வேண்டும். கடைக்குச் சொரசொரப்பான டைல்ஸ் போதும்.

சிமெண்டுத் தரை போட்டவர்கள் ஆசிட் ஊற்றிக் கழுவவே கூடாது. ஆசிட் சிமெண்டை அரித்துவிடும். இன்னொன்று, ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் நாமே விற்கும் சரக்குகள். இரண்டையும் சேர்த்துப் போட்டால் குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. இரண்டையும் ஒன்றாகக் கேட்டு வரும் வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவது நம் கடமை.

யாருக்காகக் கட்டுகிறோம்?

கடைசியாக ஒன்று. வீட்டுக் குளியலறைக்கு எத்தனையோ படம் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் நம்மில் பலர், கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு கழிவறை கட்டவில்லை. எங்கள் கடையிலும் நெடுநாள் அப்படித்தான் இருந்தது. பில் போடும் பெண் காலையில் வந்தது முதல் தண்ணீரே குடிப்பதில்லை என்பதை என் மனைவி கவனித்துச் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. கேட்க அவள் கூச்சப்பட்டாள். கேட்காமலே தெரிந்திருக்க வேண்டியவன் நான்.

கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் நம் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. இருக்கை போட்டோம். அதில் நாள் முழுவதும் உட்காருபவருக்குத் தாழ்ப்பாள் சரியாக விழும் ஒரு கதவும், தண்ணீர் வரும் ஒரு குழாயும், மூடியுள்ள ஒரு குப்பைக் கூடையும் வேண்டாமா? ஐந்தடிக்கு நான்கடி இடம் இருந்தால் போதும். மேலே சொன்ன கிடங்குப் பாணியில் கட்டினால் மறைக்கும் செலவு இல்லை, பழுதும் எளிது.

வீட்டுக்குப் பாணி பார்த்துக் கட்டுவது அவரவர் விருப்பம். கடைக்குக் கட்டுவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அடுத்த முறை கொத்தனார் வீட்டு வேலைக்கு வரும்போது, கடையின் பின்பக்கத்தையும் ஒருமுறை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.