16 ஜிபி என்று மட்டும் எழுதிய பில்

மேசைக் கணினி விற்கப்படும் இடங்களில் ரேம் எனப்படும் தற்காலிக நினைவகம் பெரும்பாலும் ஒரே ஓர் எண்ணால் அறியப்படுகிறது: 8 ஜிபி, 16 ஜிபி, 32 ஜிபி. அந்த எண் நினைவகத்தின் கொள்ளளவைச் சொல்கிறதே தவிர, அதிலுள்ள தரவு செயலியை எவ்வளவு விரைவாகச் சென்றடையும் என்பதைச் சொல்வதில்லை. அந்த விரைவு ரேமின் வேகத்தையும், ரேமைச் செயலியோடு இணைக்கும் தடங்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. கடைகளில் ‘சேனல்’ என்று வழங்கப்படும் இந்தத் தடம் பற்றிய குறிப்பு பில்லில் இடம்பெறுவது அரிது என்பதால், ஒரே செயலியும் ஒரே 16 ஜிபியும் கொண்ட இரண்டு கணினிகள், தரவைக் கடத்தும் திறனில் ஒன்றுக்கு இரண்டு என்ற அளவுக்கு வேறுபட்டிருந்தும், வாங்குபவருக்கு அது தெரியாமலே போகிறது.

தடம் என்பது நினைவகக் கட்டுப்படுத்திக்கும் ரேம் செருகப்படும் ஸ்லாட்டுகளுக்கும் இடையே ஓடும் கம்பிகளின் தொகுதி. ஒரு தடத்தின் வழியே ஒரு முறைக்கு 64 பிட், அதாவது 8 பைட் தரவு செல்லும். இந்தக் கட்டுப்படுத்தி முன்பு மதர்போர்டில் தனிச் சில்லாக இருந்தது. ஏஎம்டி நிறுவனம் 2003இலும் இன்டெல் நிறுவனம் 2008இலும் அதனை மேசைக் கணினிச் செயலிகளுக்குள்ளேயே கொண்டுவந்தன. ஆகவே இன்று ஒரு கணினிக்கு எத்தனை தடங்கள் என்பதைச் செயலியே தீர்மானிக்கிறது. வீட்டிலும் அலுவலகத்திலும் உள்ள சாதாரண மேசைக் கணினிகளில் அது இரண்டு. மதர்போர்டில் நான்கு ஸ்லாட்டுகள் இருப்பதைக் கண்டு நான்கு தடங்கள் என்று எண்ணிவிடுவது பரவலான தவறு, ஏனெனில் அங்கே ஒரு தடத்தை இரண்டிரண்டு ஸ்லாட்டுகள் பகிர்ந்துகொள்கின்றன. டிடிஆர்4-3200 வகை ரேம் ஒரு நொடியில் 320 கோடி முறை தரவை மாற்றுவது. ஒவ்வொரு முறையும் 8 பைட் எனக் கொண்டால் ஒரு தடத்தில் நொடிக்கு 25.6 ஜிபி செல்லலாம், இரண்டு தடங்களும் இயங்கினால் 51.2 ஜிபி செல்லலாம். 16 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக்காக இருந்தால் முதல் அளவோடு நின்றுவிடும்; இரண்டு 8 ஜிபி ஸ்டிக்குகளாக, தடத்துக்கு ஒன்றாகப் பொருத்தப்பட்டால் இரண்டாம் அளவு கிடைக்கும்.

இந்த வேறுபாடு எல்லாருக்கும் ஒரே அளவில் உறைக்காது. கடிதம் தட்டச்சு செய்பவரும் கணக்கு எழுதுபவரும் இதை உணராமலே இருக்கக்கூடும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல், செயலிக்குள் அமைந்த கிராபிக்ஸையே நம்பி வீடியோ தொகுப்பவருக்கும் விளையாடுபவருக்கும் இழப்பு கண்கூடானது, ஏனெனில் அந்த கிராபிக்ஸ் தனக்கென நினைவகம் இல்லாமல் செயலியின் ரேமையே பங்கிட்டுக்கொள்கிறது. மடிக்கணினிகளிலும் இதே நிலைதான்: இன்டெலின் 11ஆம் தலைமுறைச் செயலிகள் சிலவற்றில் ஒரே தடம் மட்டும் இயங்கும்போது, அவற்றின் கிராபிக்ஸ் ‘ஐரிஸ் எக்ஸ்இ’ என்று காட்டப்படாமல் ‘யூஎச்டி’ என்றே காட்டப்படும்.

இரண்டு ஸ்டிக்குகள் வாங்கியும் பயன் கிட்டாமல் போவதுண்டு. நான்கு ஸ்லாட்டுகள் கொண்ட மதர்போர்டில் செயலிக்கு அருகிலிருந்து ஏ1, ஏ2, பி1, பி2 என்று வரிசை அமைந்திருக்கும். முதல் இரண்டும் ஒரே தடத்தைச் சேர்ந்தவை; அவற்றில் இரண்டு ஸ்டிக்குகளையும் அடுத்தடுத்துச் செருகிவிட்டால் மற்றத் தடம் வெறுமையாக நிற்கும். பெரும்பாலான மதர்போர்டுகளில் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளே உரிய இடங்கள். கம்பி முதலில் ஏ1க்கும் அதைத் தாண்டி ஏ2க்கும் செல்வதால், ஏ1இல் மட்டும் ரேம் இருந்தால் மீதிக் கம்பி முனையற்றுத் தொங்கி, சமிக்ஞை அதில் மோதித் திரும்பிக் குழப்பம் விளைவிக்கும். கடைக்கோடி ஸ்லாட்டைக் கையேடுகள் முதலில் நிரப்பச் சொல்வதன் காரணம் இதுவே.

பின்னாளில் ரேம் கூட்டும்போதும் கவனம் வேண்டும். ஒரு தடத்தில் 8 ஜிபியும் மற்றதில் 4 ஜிபியும் இருந்தால், இன்டெல் கணினிகளில் 4க்கு 4 என 8 ஜிபி இரு தடங்களிலும், எஞ்சிய 4 ஜிபி ஒற்றைத் தடத்திலும் இயங்கும். வேகம் வேறுபட்ட ஸ்டிக்குகளைக் கலந்தால் எல்லாம் மெதுவானதன் வேகத்துக்கே இறங்கும். நான்கு ஸ்லாட்டுகளையும் நிரப்புவதும் எப்போதும் நன்மையன்று: ரைசன் 7000 வரிசைச் செயலிகளுக்கு ஏஎம்டி அறிவித்துள்ள வேகம் இரண்டு ஸ்டிக்குகளுக்கு 5200 ஆகவும், நான்குக்கு வெறும் 3600 ஆகவும் உள்ளது.

வாங்கியதைச் சரிபார்க்கக் கணினியைத் திறக்க வேண்டிய தேவையில்லை. விண்டோஸ் டாஸ்க் மேனேஜரின் நினைவகப் பகுதி எத்தனை ஸ்லாட்டுகள் நிரம்பியுள்ளன என்பதையும் ரேமின் வேகத்தையும் காட்டும். தட எண்ணிக்கையை அறிய சிபியு-இசட் என்னும் இலவச மென்பொருள் உதவும். அங்கே 3200 வேகமுள்ள ரேம் 1600 என்று காட்டப்படுவதைக் கண்டு ஏமாந்துவிட்டோம் என்று கலங்க வேண்டியதில்லை. ஒரு துடிப்புக்கு இருமுறை தரவு செல்வதால் அந்த எண்ணை இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும். டிடிஆர்5 வகையில் வேறொரு நுட்பம் உண்டு. அதன் ஒவ்வொரு ஸ்டிக்கும் தனக்குள்ளே 32 பிட் கொண்ட இரண்டு துணைத் தடங்களாகப் பிரிந்திருப்பதால், ஒரே ஸ்டிக்கைக் கொடுத்துவிட்டு ‘இதுவே இரட்டைச் சேனல்தான்’ என்று சொல்ல அது இடம் தருகிறது. அந்தப் பேச்சை ஏற்கலாகாது. இரண்டு துணைத் தடங்களும் சேர்ந்தாலும் அகலம் அதே 64 பிட்தான்.

உரிமையைப் பொறுத்தவரை முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒற்றை ஸ்டிக் விற்பது குற்றமன்று, குறைபாடும் அன்று. பிற்காலத்தில் இன்னொன்று சேர்க்க எண்ணி அதையே கேட்டு வாங்குபவர்களும் உண்டு. இரண்டு தருவதாகச் சொல்லி ஒன்றைத் தருவதும், வேகத்தைக் கூட்டிச் சொல்வதும், பழையதைப் புதியது என்று விற்பதும்தான் குற்றம். அதை நிலைநாட்டத் தேவைப்படுவது பில்லில் உள்ள எழுத்து. ‘ரேம் 16 ஜிபி’ என்ற வரியை வைத்துக்கொண்டு எதையும் நிறுவ முடியாது. ‘டிடிஆர்4-3200, 8 ஜிபி இரண்டு, புதியது’ என்ற வரியோடு தயாரிப்பாளர் பெயரும் வரிசை எண்களும் வாரண்டிக் காலமும் சேர்ந்தால், அந்தக் காகிதமே சாட்சியாகிவிடும்.

இந்தியாவில் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரம், அளவு, விலை ஆகியவற்றை அறியும் உரிமையை வாங்குபவருக்கு அளிக்கிறது. பில் தர மறுப்பதையே அச்சட்டம் நியாயமற்ற வணிக முறை என்கிறது. வரி மிச்சமாகும் என்ற ஆசை வார்த்தைக்கு இணங்கி பில் இல்லாமல் வாங்குபவர், தமக்குச் சட்டம் தந்த பிடியைத் தாமே விட்டுவிடுகிறார். குறைபாடுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள்ளும், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள்ளும் திரும்பப் பெற மறுப்பதும் அதே வகையில் அடங்கும். ஆகவே ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லின் அடியில் அச்சிட்டிருப்பதைக் கண்டு பின்வாங்க வேண்டியதில்லை. இணைய வழி வாங்கியவர் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதலாம். 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தரவும் ஒரு மாதத்துக்குள் தீர்வு காணவும் 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் அவரைக் கட்டுப்படுத்துகின்றன.

கடைக்காரர் எழுத்து மூலமான முறையீட்டுக்கும் இணங்காவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். வாங்கிய ஊர் தொலைவில் இருந்தாலும், முறையிடுபவர் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. சிக்கல் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். வணிக நோக்கில் வாங்கியவர்களுக்கு இந்த வழி மூடப்பட்டிருந்தாலும், சொந்தப் பிழைப்புக்காகத் தாமே இயக்கும் கணினியை வாங்கிய டிடிபி தொழிலாளிக்கு அது திறந்தே இருக்கிறது.

வாங்கும்போது இருந்த இரட்டைத் தடம், பழுது பார்க்கக் கொடுத்துத் திரும்பும்போது ஒற்றையாகிவிடவும் வழியுண்டு. ஒரு ஸ்டிக்கைக் கழற்றிவிட்டாலும், இரண்டையும் எடுத்துவிட்டு அதே கொள்ளளவுள்ள ஒன்றைப் பொருத்தினாலும் கணினி வழக்கம்போல் இயங்கும். பின்னதில் கொள்ளளவும் மாறாது. இதைத் தடுக்க, கொடுப்பதற்கு முன் ரேமின் ஸ்டிக்கர்களைப் படம் எடுத்துக்கொண்டு, கடைக்காரர் தரும் ஒப்புச்சீட்டில் ‘ரேம் 8 ஜிபி இரண்டு’ என்பதையும் வரிசை எண்களையும் எழுதி வாங்கி, திரும்பப் பெறும்போது கடையிலேயே கணினியை இயக்கி அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.