விடை கையில், கேள்வி எங்கே?

5,280. இதுதான் விடை. கேள்வியைச் சொல்லுங்கள்.

1960-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் டூலூத் நகரிலிருந்து நியூயார்க்குக்குப் போய்க்கொண்டிருந்த விமானத்தில் ஜூலன் கிரிஃபின் தன் கணவரை இப்படித்தான் மடக்கினார். கணவர் மெர்வ் கிரிஃபின் தொலைக்காட்சிக்காரர். புதிதாக ஒரு வினாடி வினா நிகழ்ச்சி செய்ய வேண்டும் என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தவர். ‘ஒரு மைலுக்கு எத்தனை அடி?’ என்று சட்டெனச் சொல்லிவிட்டார். விமானம் தரையிறங்குவதற்குள் நிகழ்ச்சிக்கான கரு கிடைத்துவிட்டது. 1964 மார்ச் 30 அன்று என்.பி.சி. தொலைக்காட்சியில் அது ‘ஜெப்பர்டி’ என்ற பெயரில் பகல்நேர நிகழ்ச்சியாக அரங்கேறியது. நடுவில் சில ஆண்டுகள் நின்றுபோனாலும், 1984-இல் அலெக்ஸ் ட்ரெபெக் தொகுத்து வழங்க மறுபிறவி எடுத்து இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது.

நேராகக் கேள்வி கேட்டால் ஆகாதா, எதற்கு இந்தத் தலைகீழ் வித்தை? அதற்கு ஒரு மோசடிக் கதை உண்டு. 1950-களில் அமெரிக்க வீடுகளை வினாடி வினா நிகழ்ச்சிகள் கட்டிப்போட்டிருந்தன. அவற்றில் ஒன்று ‘ட்வென்டி ஒன்’. 1956 டிசம்பரில் அதில் ஹெர்பர்ட் ஸ்டெம்பல் என்பவர் தோற்றார். 1955-ஆம் ஆண்டின் சிறந்த படமாக ஆஸ்கர் பெற்றது எது என்று கேள்வி. ‘மார்ட்டி’ என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். பலமுறை பார்த்து ரசித்த படம். தயாரிப்பாளர்கள் சொல்லிவைத்தபடி வேறொரு படத்தின் பெயரைச் சொல்லிவிட்டு இறங்கினார். அவரை வென்ற சார்லஸ் வான் டோரன் நாடறிந்த நாயகனானார். தனக்கு விடைகள் முன்கூட்டியே தரப்பட்டன என்று 1959 நவம்பரில் நாடாளுமன்றக் குழு முன் அவரே ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டே, போட்டி நிகழ்ச்சிகளில் முடிவை முன்கூட்டியே அமைத்துவைப்பது சட்டப்படி குற்றம் என்றானது. அதன்பின் வினாடி வினா என்றாலே தொலைக்காட்சி நிலையங்கள் அரண்டன. ‘விடையைக் கொடுத்துவிடுவார்கள் என்றுதானே பயம்? அப்படியென்றால் எல்லோர் முன்னாலும் விடையையே கொடுத்துவிட்டுக் கேள்வியைக் கேளுங்களேன்’ என்பது ஜூலனின் குறும்பு.

குறும்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் ஓர் ஓட்டை. 5,280 என்பதற்கு ‘டென்வர் நகரம் கடல்மட்டத்திலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது?’ என்றும் கேட்கலாம். மைல் உயர நகரம் என்றே அதற்குப் பட்டப்பெயர். ‘1,760-ஐ மூன்றால் பெருக்கினால் என்ன வரும்?’ என்றாலும் பிழையில்லை. ஒரு கேள்விக்கு ஒரு விடை இருக்கலாம். ஒரு விடைக்கு எத்தனை கேள்விகள் வேண்டுமானாலும் இருக்கும். ஜூலனின் விதியை எழுத்துக்கு எழுத்து பின்பற்றியிருந்தால் ஒவ்வொரு நாளும் போட்டியாளருக்கும் நடுவருக்கும் சண்டைதான் மிஞ்சியிருக்கும்.

அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அப்படி நடக்காமல் பார்த்துக்கொண்டது ஒரு சுட்டுச்சொல். நம் ‘இந்த’.

நிகழ்ச்சியின் பாணியில் நானே ஒன்றை எழுதிக் காட்டுகிறேன். ‘1898-இல் கண்டறியப்பட்ட இந்தத் தனிமத்துக்கு மேரி கியூரி தன் தாய்நாட்டின் பெயரைச் சூட்டினார்.’ போட்டியாளர் சொல்ல வேண்டியது: ‘பொலோனியம் என்பது என்ன?’ இப்போது செய்தியை அப்படியே வைத்துக்கொண்டு சுட்டுச்சொல்லை மட்டும் நகர்த்துவோம். ‘1898-இல் தாம் கண்டறிந்த பொலோனியத்துக்கு இவர் தன் தாய்நாட்டின் பெயரைச் சூட்டினார்.’ பதில், மேரி கியூரி. மறுபடியும் நகர்த்துவோம். ‘பொலோனியம் கண்டறியப்பட்ட 1898-இல், அதற்குப் பெயர் தந்த இந்த நாடு உலக வரைபடத்தில் தனி நாடாகவே இல்லை.’ பதில், போலந்து. ஒரே செய்தி, மூன்று குறிப்புகள். ‘இந்த’ எந்த இடத்தில் உட்காருகிறதோ அந்த இடத்தில்தான் பள்ளம் விழுகிறது. அதை நிரப்புவதுதான் போட்டியாளரின் வேலை.

இதைப் பார்த்தபின் ஒன்று புரியும். திரையில் வருவது விடையே அல்ல. முகமூடி போட்ட கேள்வி. ‘மேரி கியூரி தன் தாய்நாட்டின் பெயரைச் சூட்டிய தனிமம் எது?’ என்பதிலிருந்து வினாச்சொல்லை எடுத்துவிட்டுச் சுட்டுச்சொல்லை வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பொலோனியம் என்பது என்ன என்று யாராவது உங்களைக் கேட்டால் கதிரியக்கத் தனிமம், அணு எண் 84 என்று சொல்வீர்களே தவிர, இந்தக் குறிப்பைச் சொல்ல மாட்டீர்கள். நிகழ்ச்சிக்காரர்களே இப்போது விடை, கேள்வி என்ற பழைய பெயர்களை ஒதுக்கிவிட்டுக் குறிப்பு, பதில் என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள்.

‘இந்த’ தனியாக வருவதில்லை. ‘தனிமம்’, ‘நாடு’, ‘நகரம்’ என்று ஒரு வகைப்பெயரையும் கையோடு கூட்டிவருகிறது. தேட வேண்டிய பரப்பை ஒரே அடியில் சுருக்கிவிடுவது அதுதான். தனிமம் என்று தெரிந்துவிட்டால் நூற்றுச் சொச்சம் பெயர்களுக்குள் தேடினால் போதும். மீதிக் குறிப்பிலும் பெரும்பாலும் இரண்டு வழிகள் திறந்திருக்கும். 1898 என்ற ஆண்டு நினைவிருப்பவர் ஒரு வழியில் வரலாம். அது தெரியாதவரும் மேரி கியூரி போலந்துக்காரர், போலந்து போல ஒலிக்கும் தனிமம் எது என்று யோசித்து வந்து சேரலாம். வீட்டில் சோபாவில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு ‘அட, எனக்கும் தெரியுமே’ என்ற சந்தோஷத்தைத் தருவது இந்த இரண்டாம் வழி.

2012-இல் விஜய் டிவியில் சூர்யா நடத்திய ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’யை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் தேடும் பரப்பைச் சுருக்குவது நான்கு தெரிவுகள். ஜெப்பர்டியில் தெரிவுகள் கிடையாது. அந்த வேலை முழுவதையும் வாக்கிய அமைப்பே செய்தாக வேண்டும். ஒரு நாளைக்கு 61 குறிப்புகள். ஒரு பருவத்துக்கு 230 நிகழ்ச்சிகள். ஆண்டுக்கு 14,000-க்கும் மேற்பட்ட குறிப்புகளை இப்படி எழுதிக் குவிக்கிறார்கள்.

இந்த வகைப்பெயர்களை உட்கார்ந்து எண்ணியவர்களும் உண்டு. ஐ.பி.எம். நிறுவனம் ஜெப்பர்டி ஆடுவதற்கென்றே வாட்சன் என்ற கணினியை உருவாக்கியபோது, அதன் ஆய்வாளர்கள் 20,000 குறிப்புகளை எடுத்து அலசினார்கள். சுமார் 2,500 வகைப்பெயர்கள் கிடைத்தன. அடிக்கடி வரும் 200 பெயர்களை மட்டும் கற்றுக்கொடுத்தால் போதாதா? போதவில்லை, அவை பாதிக் குறிப்புகளைக்கூட எட்டவில்லை. சுமார் 12 விழுக்காட்டுக் குறிப்புகளில் வகைப்பெயரே இல்லை. ‘இது’, ‘இவை’ என்று மொட்டையாக ஒரு சொல், சில சமயம் அதுவும் கிடையாது.

அந்த மொட்டைச் சொல்தான் வாட்சனின் காலை வாரிவிட்டது. 2011 பிப்ரவரியில் அது கென் ஜென்னிங்ஸ், பிராட் ரட்டர் என்ற இரு பெரும் ஆட்டக்காரர்களை எதிர்கொண்டது. ஜென்னிங்ஸ் 2004-இல் தொடர்ந்து 74 முறை வென்றவர். முதல் ஆட்டத்தின் கடைசிக் குறிப்புக்கு ‘அமெரிக்க நகரங்கள்’ என்று தலைப்பு. குறிப்பு இது: இதன் மிகப் பெரிய விமான நிலையத்துக்கு இரண்டாம் உலகப் போர் வீரர் ஒருவரின் பெயர், இரண்டாவது பெரிய விமான நிலையத்துக்கு அந்தப் போரின் சண்டை ஒன்றின் பெயர். மனிதர்கள் இருவரும் சிகாகோ என்று எழுதிவிட்டார்கள். ஓஹேர் என்பவர் கடற்படை விமானி. மிட்வே என்பது 1942-இல் பசிபிக் கடலில் நடந்த சண்டை. வாட்சன் எழுதியது டொரான்டோ. பக்கத்திலேயே ஐந்து கேள்விக்குறிகள்.

அரங்கம் சிரித்தது. அமெரிக்க நகரம் கேட்டால் கனடா நகரத்தைச் சொல்லுமா ஒரு கணினி? ஆனால் வாட்சன் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஜெப்பர்டியின் தலைப்புகள் பாதி நேரம் சிலேடையாகவும் குறும்பாகவும் இருக்கும். அவற்றை முழுதாக நம்பக் கூடாது என்று பழைய ஆட்டங்களைப் படித்தே அது கற்றிருந்தது. குறிப்புக்குள்ளே ‘இந்த நகரத்தின்’ என்று இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். அங்கே இருந்ததோ வெறும் ‘இதன்’. போதாக்குறைக்கு, டொரான்டோ என்ற பெயரில் அமெரிக்காவிலும் சின்ன ஊர்கள் இருக்கின்றன. கனடா டொரான்டோவின் பேஸ்பால் அணி ஆடுவதும் அமெரிக்கன் லீகில்தான். தன் விடையில் நம்பிக்கை இல்லாததால் வாட்சன் பணயம் வைத்தது 947 டாலர் மட்டுமே. இறுதியில் 77,147 டாலருடன் அதுதான் வென்றது. ஜென்னிங்ஸிடம் 24,000, ரட்டரிடம் 21,600.

எனக்குப் பிடித்த சறுக்கல் வேறொன்று. 1904 ஒலிம்பிக்கில் இணைக் கம்பி ஜிம்னாஸ்டிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க வீரர் ஜார்ஜ் ஐசரின் உடலமைப்பில் இருந்த விசித்திரம் எது? ஐசருக்கு ஒரு கால் மரக்கால். ஜென்னிங்ஸ் ஒரு கை இல்லை என்று தவறாகச் சொன்னார். அடுத்து வாட்சன் சொன்னது: ‘கால் என்பது என்ன?’ ட்ரெபெக் முதலில் சரி என்று தலையாட்டிவிட்டார். பிறகு தவறு என்று திருத்தப்பட்டது. கால் இருப்பது விசித்திரமா? இல்லாததுதானே விசித்திரம்! சரியான ஆளைக் கண்டுபிடித்து, சரியான உறுப்பையும் தொட்ட கணினிக்கு ‘விசித்திரம்’ என்ற வகைப்பெயர் எதைக் கேட்கிறது என்பது மட்டும் பிடிபடவில்லை.

குறிப்புகள் திரையில் முழுக்கப் பெரிய எழுத்துகளில் வருவதும் ஒரு பொறிதான். ஆங்கிலத்தில் சிறப்புப் பெயரை அடையாளம் காட்டுவது முதலில் வரும் பெரிய எழுத்து. எல்லாமே பெரிய எழுத்தாகிவிட்டால் போலந்து நாட்டவரைக் குறிக்கும் ‘போலிஷ்’ எது, மெருகேற்றும் ‘பாலிஷ்’ எது என்று பார்வையில் தெரியாது. தமிழில் எழுதியிருந்தால் இந்தச் சிக்கலுக்கே இடமில்லை. நமக்கு எல்லா எழுத்தும் ஒரே அளவு.

இனி வேகம். தொகுப்பாளர் குறிப்பை வாசித்து முடிப்பதற்குள் கண் அதைப் படித்து முடித்துவிடும். ஆனால் பொத்தானை அழுத்த முடியாது. மறுபிறவியின் முதல் பருவத்தில் எப்போது வேண்டுமானாலும் அழுத்தலாம் என்றிருந்தது. 1985-இலிருந்து வாசித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். கடைசி அசை முடிந்ததும் ஓர் ஊழியர் பொத்தான்களைத் திறந்துவிடுவார். பலகையின் ஓரத்தில் விளக்குகள் எரியும். அவசரப்பட்டு முன்னதாக அழுத்தினால் கால் விநாடி பூட்டிக்கொள்ளும். அந்தக் கால் விநாடியில் ஆட்டமே கைமாறும். ஆகவே வகைப்பெயர் கண்ணில் பட்ட கணத்தில் மூளை தேடத் தொடங்குகிறது. தொகுப்பாளர் வாசிக்கும் அந்தச் சில விநாடிகள்தான் தேடுவதற்கான அவகாசம். கடைசி அசை விழும்போது ‘தெரியும்’ என்ற உணர்வு மட்டும் வந்திருந்தால் போதும். பெயரை நினைவிலிருந்து இழுத்துவர இன்னும் ஐந்து விநாடி உண்டு.

பதிலைக் கேள்வி வடிவில் சொல்லும் விதி என்ன ஆயிற்று? அது இருக்கிறது, சடங்காக. முதல் சுற்றில் மறந்துவிட்டால் தொகுப்பாளர் நினைவூட்டுவார். இரண்டாம் சுற்றில் அந்தச் சலுகை கிடையாது. நேரம் முடிவதற்குள் தானாகத் திருத்திக்கொள்ளாவிட்டால் சரியான பதிலும் தவறுதான். எந்த வினாச்சொல் என்பதைப் பற்றி நிகழ்ச்சிக்குக் கவலையில்லை. 2021-இல் 38 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்ற மேட் அமோடியோ, ஆளானாலும் ஊரானாலும் ‘என்ன’ என்ற ஒரே சொல்லை வைத்து ஓட்டினார். மனிதர்களைப் போய் ‘என்ன’ என்பதா என்று சில ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். விதியில் அதற்குத் தடையில்லை. யோசிக்க வேண்டிய சொல் ஒன்று குறைந்ததால் அவருக்கு லாபம்தான்.

என் கணிப்பில், இந்தக் கேள்வி வடிவத்தை நாளைக்கே தூக்கிவிட்டாலும் ஒரு குறிப்பைக்கூடத் திருத்தி எழுத வேண்டியிருக்காது. ‘இந்த’வை எடுத்துவிட்டால் ஒரு நாள் ஆட்டத்தைக்கூட நடத்தி முடிக்க முடியாது.

பள்ளிகளிலும் கோயில் திருவிழாக்களிலும் வினாடி வினா நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘இராமானுஜன் எங்கே பிறந்தார்?’ என்று கேட்காதீர்கள். ஈரோடு என்றாலும் சரி, இந்தியா என்றாலும் சரி, பாட்டி வீட்டில் என்றாலும் சரி. அவர் உண்மையிலேயே தாய்வழிப் பாட்டி வீட்டில்தான் பிறந்தார். ‘கணித மேதை இராமானுஜன் 1887-இல் பிறந்தது எந்த ஊரில்?’ என்று கேட்டுவிட்டால், ஈரோடு என்று எழுதிய பிள்ளைக்கு மட்டும்தான் மதிப்பெண் போகும்.