வண்ண மீன்களுக்கு வீட்டிலேயே உணவு

கண்ணாடித் தொட்டியில் வண்ண மீன்கள் வளர்ப்பது தோட்டத்து வீடுகளில் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் பிடித்தமான ஒரு பொழுதுபோக்காகும். கப்பி, தங்கமீன், சண்டை மீன் ஆகியவையே பெரும்பாலும் வளர்க்கப்படுகின்றன. மீன் வாங்கும் செலவு ஒரு நாளோடு முடிந்துவிடும். தீனிச் செலவோ தொடர்ந்து வருவது. தவிரவும், கடைத் தீனியின் புட்டியை ஒருமுறை திறந்துவிட்டால், நம் நாட்டின் ஈரக் காற்றிலும் வெப்பத்திலும் அதிலுள்ள வைட்டமின் சத்துகள் விரைவில் குன்றிவிடுகின்றன. சமையலறையில் உள்ள பொருள்களைக் கொண்டே நல்ல தீனியைச் செய்துகொள்ள இயலும்.

ஆயின், வீட்டுத் தீனி என்றதும் சோற்றுப் பருக்கையையும் ரொட்டித் துண்டையும் தொட்டியில் போடலாம் என்று பொருள் கொள்ளலாகாது. இவை நீரில் ஊறிக் கரைந்து அழுகுவதால் தொட்டி நாறும். குழம்பில் கிடந்த மீன் துண்டும் ஆகாது. உப்பு, எண்ணெய், மிளகாய் ஆகிய மூன்றும் மீனுக்கு வேண்டாதவை. நெத்திலிக் கருவாட்டை விலக்கச் சொல்வதும் உப்பின் பொருட்டே.

மீன்கள் யாவும் ஒரே வகை உணவை உண்பவை அல்ல. சண்டை மீன் புழு பூச்சிகளை உண்டு வாழ்வது; அதற்கு இறாலும் மீன் சதையும் மிகுதியாக வேண்டும். தங்கமீன் கெண்டை இனத்தைச் சேர்ந்தது. அதற்கு இரைப்பையே கிடையாது. உண்பது நேரே குடலுக்குச் செல்வதால், நார்ச்சத்துள்ள கீரையும் பட்டாணியும் கலந்த உணவைச் சிறிது சிறிதாகக் கொடுப்பதே அதற்கு ஏற்றது. கப்பி இரண்டையும் உண்ணும்.

கப்பிக்கும் தங்கமீனுக்கும் பொதுவான ஒரு கலவையை இங்கே தருகிறோம். உரித்த இறால் 60 கிராம், முள் நீக்கிய கெம்போங் மீன் சதை 40 கிராம், கங்கோங் அல்லது பசளைக் கீரை 60 கிராம், பட்டாணியோ பூசணியோ 40 கிராம். சண்டை மீனுக்கு மட்டும் செய்வதாயின் கீரையையும் பட்டாணியையும் பெரிதும் குறைத்து, அந்த எடைக்கு இறாலைச் சேர்த்துக்கொள்ளலாம். வீட்டுச் சமையலுக்கு இறால் உரிக்கும்போது கிள்ளி எறியும் தலைகளில் இரண்டு மூன்றை எடுத்து அரைத்து, வடிகட்டிச் சேர்ப்பது நல்லது. அவற்றில் உள்ள செந்நிறப் பொருள் மீனின் நிறத்தைப் பொலிவுறச் செய்கிறது.

மீனையும் இறாலையும் பச்சையாக அரைப்போரும் உண்டு. அவ்வாறு செய்யாதிருப்பதே நலம். சில வகை மீன்களிலும் சிப்பிகளிலும் பச்சையாக உள்ளபோது, வைட்டமின் பி1 சத்தைச் சிதைக்கும் ஒரு பொருள் இருக்கிறது. அத்தகைய உணவையே நெடுநாள் உண்ணும் மீன்கள் நரம்புத் தளர்ச்சி கண்டு நீந்த இயலாமல் தடுமாறும். ஐந்து நிமிடம் ஆவியில் வேகவைத்தால் அப்பொருள் அழிந்துவிடும். நோய்க் கிருமிகளும் குறையும். டிஸ்கஸ் மீன் வளர்ப்போர் மாட்டு இருதயத்தை அரைத்துக் கொடுப்பது வழக்கம். நம்மில் பலர் அதனை வீட்டுக்குள் கொண்டுவர விரும்பார். அதனால் இழப்பு ஒன்றுமில்லை. கால்நடைகளின் கொழுப்பு, தொட்டி நீரின் வெப்பநிலையில் உறைந்து நிற்பதால் மீனுக்கு எளிதில் செரிப்பதில்லை. இறாலே அதனினும் மேலானது.

வேகவைத்தவற்றை ஆறவைத்து மைபோல அரைத்துக்கொள்ள வேண்டும். இனி இவ்விழுது நீரில் கரையாமல் இருப்பதற்கு அதனை இறுகச் செய்ய வேண்டும். இதற்கு நம் கடைகளில் கிடைக்கும் அகார் அகார் தூளே சிறந்தது. எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படும் ஜெலட்டின் நம் நாட்டுத் தொட்டிகளின் வெதுவெதுப்பான நீரில் இளகத் தொடங்கும். கடற்பாசியிலிருந்து கிடைக்கும் அகார் அகாரோ ஒருமுறை உறைந்துவிட்டால், ஏறத்தாழ 85 பாகை செல்சியஸ் சூடு ஏறினாலன்றி உருகாது.

நூறு மில்லிலிட்டர் நீரில் 4 கிராம் தூளைக் கலந்து, கட்டியின்றிக் கரையும் வரை கொதிக்கவைத்து இறக்குக. சற்று ஆறியதும் அரைத்த விழுதை அதில் இட்டு விரைந்து கிளறுக. விழுது குளிர்ந்திருத்தல் கூடாது. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த விழுதைக் கொட்டினால் அகார் அகார் உடனே திட்டுத் திட்டாக உறைந்துவிடும். செய்முறையில் பலர் தவறுவது இந்த ஓரிடத்தில்தான். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின், வைட்டமின் மாத்திரை ஒன்றில் கால் பங்கைப் பொடித்துச் சேர்க்கலாம். முன்னரே சேர்த்தால் சூட்டில் சத்து அழியும். கலவையைச் சுத்தமான பிளாஸ்டிக் பையில் இட்டு, விரல் கனத்துக்கும் குறைவாகத் தட்டையாக்கி, உறைபெட்டியில் வைத்துவிட வேண்டும். பின்னர் வேண்டும்போது சிறு துண்டாக ஒடித்துக்கொள்ளலாம். பத்துப் பன்னிரண்டு சிறு மீன்களுக்கு இஃது இரண்டு மாதங்களுக்குக் குறையாமல் வரும்.

பால் வெட்டும் தொழிலில் உள்ளோர் இங்கே ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். பால் உறையாதிருக்க இடும் அமோனியா, பாலை உறையவைக்கும் பார்மிக் அமிலம், களைக்கொல்லி ஆகிய மூன்றும் மீனுக்கு நஞ்சு. வேலை முடிந்து வந்ததும் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, நன்கு அலசிய பின்னரே தீனியைத் தொட வேண்டும். இம்மருந்துகள் இருந்த காலிக் கலன்கள் எத்தனை முறை கழுவப்பட்டிருப்பினும், அவற்றைத் தீனி கலக்கவோ தொட்டிக்கு நீர் பிடிக்கவோ பயன்படுத்துதல் கூடாது.

அந்த அமோனியாவே வேறொரு வழியிலும் தொட்டிக்குள் வருகிறது. மீன் உண்டு கழிப்பதிலிருந்தும், உண்ணாமல் விட்ட தீனி அழுகுவதிலிருந்தும் உண்டாவது அதே பொருள்தான். நம் மூக்குக்கு எட்டாத மிகச் சிறு அளவே மீனின் செவுளைப் புண்ணாக்கிவிடும். பழகிய தொட்டியில் இதனைத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. புதுத் தொட்டியில் அவை பெருகச் சில வாரங்கள் ஆகும். தொட்டி வாங்கிய முதல் வாரத்திலேயே மீன்கள் ஒவ்வொன்றாக மடிவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். மீன் வாடுகிறதே என்று பிள்ளைகள் மேலும் தீனி போடுவதால் நிலைமை மோசமாகிறது. மனிதரைப் போல உடற்சூட்டைக் காத்துக்கொள்ள மீன் உணவைச் செலவிடுவதில்லை. ஆகவே அதன் தேவை மிகச் சிறிது. ஒரு வேளைக்கு அதன் கண்ணளவு உணவு போதும். இரண்டு நிமிடத்தில் உண்டு தீராததை வலையால் எடுத்துவிடுக. வளர்ந்த மீன்கள் நான்கைந்து நாள் உணவின்றி இருக்கக்கூடியவை. தீபாவளிக்கு வெளியூர் செல்வோர் பக்கத்து வீட்டாரிடம் தீனிப் பொறுப்பை ஒப்படைத்துச் செல்வதைவிட, மீனைப் பட்டினியாக விட்டுச் செல்வதே பாதுகாப்பானது.

இனி, கொசுப்புழுவைப் பற்றிக் கூற வேண்டும். சண்டை மீனுக்கும் கப்பிக்கும் இதனினும் இனிய உணவு கிடையாது. திரினிடாட் தீவிலிருந்து இம்மீனை இலண்டனுக்கு அனுப்பிய கப்பி என்பவரின் பெயரை 1866-ஆம் ஆண்டில் இதற்குச் சூட்டினர். பின்னாளில் கொசுப்புழுவை உண்ணும் என்பதற்காகவே பல நாடுகளில் இது நீர்நிலைகளில் விடப்பட்டது. இதனை அறிந்த சிலர், மீனுக்கு உணவு வேண்டுமென்று வீட்டின் பின்புறம் வாளியில் நீர் நிரப்பிப் புழு வளர்க்கின்றனர். இது மிகவும் ஆபத்தான செயல். டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது இத்தகைய தேங்கிய தெளிந்த நீரில்தான். முட்டையிலிருந்து கொசுவாகப் பறப்பதற்கு ஏழு முதல் பத்து நாட்களே போதும். புழு அள்ளுவதை இரண்டு நாள் மறந்தால், அந்த வாளி முழு வரிசை வீடுகளுக்கும் நோய் பரப்பும் இடமாகிவிடும்.

வாளி நீரைக் கொட்டிவிட்டால் போதும் என்று எண்ணுவதும் சரியன்று. ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே வாளியின் சுவரில் முட்டைகளை ஒட்டிவைக்கிறது. அவை உலர்ந்த நிலையில் பல மாதங்கள் உயிரோடிருந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே கலத்தின் உட்புறத்தை நார் கொண்டு தேய்த்துக் கழுவ வேண்டும். வெட்டாமல் விடப்பட்ட மரங்களில் தொங்கும் பால் மங்குகளைக் கவிழ்த்துவைக்கச் சொல்வதும் இக்காரணம் பற்றியே. உயிரைப் பறிக்கும் இரத்தக்கசிவு டெங்கி நம் நாட்டில் 1962-ஆம் ஆண்டில் பினாங்கில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கொசு பெருக இடங்கொடுப்பது தண்டனைக்குரிய குற்றமாகும். மீனுக்காக வளர்த்தோம் என்பது அதற்கு விடையாகாது. குளோரின் நீங்குவதற்காகக் குழாய் நீரைப் பிடித்துவைப்போரும் அதனைத் துணியால் இறுக மூடி, மறுநாளே பயன்படுத்திவிட வேண்டும்.

குளிர்பதனப் பெட்டி இல்லாதோர் தீனியை வெயிலில் உலர்த்தி வைக்கலாமா என்று கேட்கக்கூடும். மழை அடிக்கடி பெய்யும் நம் நாட்டில் அது முற்றிலும் உலர்வதற்கு முன்பே பூஞ்சணம் பிடித்துவிடும். கடலைப் புண்ணாக்கைத் தீனியில் சேர்ப்போரும் இதனைக் கருத வேண்டும். 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்ததற்குப் பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கே காரணம் எனக் கண்டறிந்தனர். ஈரலைக் கெடுக்கும் அந்நஞ்சு மீனையும் விடாது. வேகவைப்பதாலும் அது அகலாது. குளிர்பதன வசதி இல்லாதோர், அன்றைய சமையலில் வெந்த இறாலிலும் பட்டாணியிலும் மசாலை சேர்க்குமுன் சிறிது எடுத்து, நறுக்கிக் கொடுப்பதே தக்கது.

குஞ்சுகளுக்கு இத்துண்டுகள் பெரியவை. கப்பிக் குஞ்சு பிறந்த அன்றே பொடித்த தீனியை உண்ணும். தங்கமீன் குஞ்சுக்கு அவித்த முட்டையின் மஞ்சட்கருவில் பட்டாணியளவு எடுத்து, மெல்லிய துணியில் முடிந்து, ஒரு குவளை நீரில் பிழிந்து, அந்நீரில் சில துளிகள் மட்டும் விட வேண்டும். சற்றே மிகினும் நீர் பால்போல் கலங்கிவிடும்; அவ்வாறு கலங்கினால், அன்று மாலைக்குள் தொட்டி நீரில் மூன்றில் ஒரு பங்கை மாற்றிவிடுக.